வெளிய போறத பரிசா ஆக்காதீங்க

நான் சென்னையில ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது தினசரி வேலைகளை தானா செய்ய பயிற்சி கொடுக்குறவ. ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, ஓயாம துறுதுறுனு இருக்குற நிலை) இருக்குற குழந்தைங்க தான் என்கிட்ட அதிகமா வர்றாங்க. சென்டர்ல ஊஞ்சல், பெரிய பால், வெயிட் வச்ச ஜாக்கெட், கை விட்டு அளைய அரிசி டப்பானு எல்லாமே இருக்கு, ஆனா பெசன்ட் நகர் பீச்சுக்கு காலைல கூட்டிட்டு போக ஆரம்பிச்சப்புறம் எனக்கு அந்த ரூமே சின்னதா தெரியுது.

ஈர மணல்ல குழி தோண்டுறது, பக்கெட்ல தண்ணி தூக்கிட்டு வர்றது இதையெல்லாம் எங்க ஃபீல்டுல ஹெவி வொர்க்னு சொல்லுவோம், தசைக்கும் மூட்டுக்கும் நல்லா அழுத்தம் கிடைக்கும், நிறைய குழந்தைங்க அதுலயே அடங்கி நிதானத்துக்கு வந்துடுவாங்க. அமெரிக்க தெரபிஸ்ட் ஜீன் அயர்ஸ் 1972லயே புத்தகமா எழுதின சென்சரி இன்டெக்ரேஷன், அதாவது தொடுறது, அசையுறதுனு புலன்கள்ல இருந்து வர்றதை மூளை எப்படி ஒழுங்குபடுத்துதுங்குற கோட்பாடு, அதுல இருந்து வந்த யோசனை தான் இது.

அதிகமா பேச்சு வராத ஒரு பையன், காய்ஞ்ச மணல் கால்ல பட்டாலே கத்துவான். செருப்போட பெட்ஷீட்ல உட்கார வச்சோம், அவ்ளோ தான். அவங்க அம்மா "கொஞ்சம் பிடிச்சு நிக்க வச்சா பழகிடுவான்ல மேடம்"னு கேட்டாங்க, வேணாம்மா அவனா வரட்டும்னு சொன்னேன். சில வாரம் கழிச்சு அவனே நேரா ஈர மணலுக்கு போனான், அது ஒட்டும் ஆனா உதிராது, அந்த உதிர்றது தான் அவனுக்கு ஆகலைனு எனக்கு அப்ப தான் புரிஞ்சுது. குழில தண்ணி ஊத்துவான், மணல் உறிஞ்சிடும், குனிஞ்சு எங்க போச்சுனு பார்ப்பான், அப்புறம் என் மணிக்கட்ட பிடிச்சு பக்கெட் கைப்பிடி மேல வச்சான். இன்னும் வேணும்னு கேக்குறான்! ரூம்ல எதையுமே கேக்காத பையன்.

மழைக்காலத்துல பீச் முடியாது, கார்ப்பரேஷன் பார்க் தான். ஏடிஹெச்டி இருக்குற ஒரு பொண்ணு, நோட்டை திறந்தா எழுந்து ஓடிடுவா, அங்க ஒரு மரவட்டை முன்னாடி குத்த வச்சு உட்கார்ந்துட்டா, தொட்டா சுருளுது, விட்டா நடக்குது, "மிஸ், அதுக்கு பயம் போகட்டும், யாரும் தொடாதீங்க"னு எங்களுக்கே ஆர்டர் போடுறா. 2009ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல ஏடிஹெச்டி உள்ள 17 குழந்தைங்கள 20 நிமிஷம் நடக்க வச்சு பார்த்தாங்க, டவுன்லயும் வீடுங்க இருக்குற தெருவுலயும் நடந்ததை விட பார்க்ல நடந்தப்புறம் கவனம் நல்லா இருந்துச்சு. சின்ன ஆய்வு தான், ஆனா நான் கண்ணால பார்க்குறதோட ஒத்துப்போகுது. இதனால ஆட்டிசம் "குணமாயிடும்"னு யாராவது சொன்னா மட்டும் தயவுசெஞ்சு நம்பாதீங்க, குழந்தை சந்தோஷமா இருக்குறது, நல்லா தூங்குறது, இதுக்கு தான் போறோம்.

கடல் விஷயத்துல ரொம்ப உஷாரா இருக்கணும். சில குழந்தைங்க தண்ணிய பார்த்தா நேரா ஓடுவாங்க, அதனால ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவங்க, கண்ண பறிக்கிற கலர்ல டீ ஷர்ட், கையில போன் நம்பர் எழுதின பட்டை, இது மூணும் இல்லாம நாங்க கிளம்புறதில்ல. மணலை வாயில போடுற குழந்தைன்னா அதுக்கு தனியா ஒரு ஆள். ஆட்டோ, மணல், துண்டு, வீடுனு படம் ஒட்டின அட்டைய கிளம்புறதுக்கு முன்னாடியே காட்டிடுவோம், அடுத்து என்னனு தெரிஞ்சா பாதி பதட்டம் குறைஞ்சிடும்.

எனக்கு ஆத்திரமா வர்றது வேற ஒரு விஷயத்துல. அந்த மரவட்டை பொண்ணுக்கு ஸ்கூல்ல, ஒழுங்கா உட்காரலனா பிடி பீரியட் கட். உட்கார முடியாததுக்கு தான் அவளுக்கு அந்த ஓட்டமே தேவை, அதையே புடுங்குனா பிள்ளை எப்படி உட்காரும்? கிரவுண்ட் டைமை தண்டனையா எடுக்கக்கூடாது, டைம்டேபிள்லயே போடணும்னு அவங்க அப்பாவும் நானும் சேர்ந்து லெட்டர் எழுதினோம். காலைல முதல் பீரியடுக்கு முன்னாடி 15 நிமிஷம் ஓட விடுறோம்னு ஒத்துக்கிட்டாங்க, மத்தியானத்துக்கு இன்னும் பேசிட்டு இருக்கோம்.