செட்சுபுன்: ஓனி முகமூடியும் செய்தித்தாள் பீன்ஸும், செய்து பார்த்த அனுபவம்

இந்த வருடம் செட்சுபுன் என்கிற ஜப்பானியப் பண்டிகைக்கு வேண்டியதை எல்லாம் பிள்ளைகளோடு உட்கார்ந்து வீட்டிலேயே செய்வது என்று முடிவு செய்தோம். ஓனி, அதாவது பூத முகமூடி, பீன்ஸ் போட்டுக்கொள்ளும் பெட்டி, எறிவதற்கான பீன்ஸ், வாசலில் மாட்டும் மத்தி மீன் தலை, எல்லாமே. மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு இரண்டரை. இங்கே டோக்கியோவில் ஜனவரியிலேயே நூறு யென் கடைகளில் முகமூடிகள் தொங்க ஆரம்பித்துவிடும், வாங்கினால் வேலை முடிந்தது. ஆனாலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைச் செய்துதான் பார்க்க வேண்டும் என்பேன், காரணம் பயம். அன்றைக்குக் காப்பகத்தில் ஓனி வேஷம் போட்ட ஒருவர் உள்ளே நுழைந்ததும் அலறுகிற பிள்ளைகள் நிறைய. தானே மூக்கு ஒட்டி, தானே புருவம் வைத்த பூதத்தைப் பார்த்தால் அந்த அளவுக்குப் பயம் வருவதில்லை. எங்கள் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

பண்டிகையைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். பழைய நாள்காட்டிப்படி வசந்தம் தொடங்கும் ரிஷ்ஷுன் நாளுக்கு முந்தைய நாள்தான் செட்சுபுன். பெரும்பாலும் பிப்ரவரி 3. 2021-இல் பிப்ரவரி 2-ஆம் தேதி வந்தது, 1897-க்குப் பிறகு அப்படி வந்தது அப்போதுதான். 2025-லும் 2-ஆம் தேதிதான். வறுத்த சோயா பீன்ஸை எறிந்து “ஓனி வா சோத்தோ, ஃபுகு வா உச்சி” என்று கத்துவார்கள், பூதம் வெளியே போ, நல்லது உள்ளே வா என்று. இதன் வேர் அரசவையில் நடந்த பேயோட்டும் சடங்கு. கி.பி. 706-இல் நாடெங்கும் கொள்ளைநோய் பரவி மக்கள் இறந்தபோது மண்ணால் எருது பொம்மைகள் செய்து அந்தச் சடங்கை நடத்தியதாகக் குறிப்பு இருக்கிறது. அதைப் படித்ததில் இருந்து எனக்கு இந்த வேலை மேல் தனி மரியாதை. ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்பும் யாரோ உட்கார்ந்து கையால் எதையோ பிசைந்துதான் நோயை விரட்டப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, முகமூடி. காகிதத் தட்டில் இரண்டு ஓட்டை போட்டு எலாஸ்டிக் கட்டுவது ஐந்து வயதுக்குச் சரியாக இருக்கிறது. இரண்டரை வயதுக்கு ஆகவே ஆகாது, கண்ணை மறைத்த உடனே பிடுங்கி எறிந்துவிடுவாள். அவளுக்குக் காப்பகங்களில் செய்கிற மாதிரி தலைப்பட்டை வைத்துச் செய்தோம், முகமூடி நெற்றிக்கு மேல் நிற்கும், முகம் திறந்தே இருக்கும். வரைதாளில் 38 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, நாலு சென்டிமீட்டர் அகலம் வருகிற மாதிரி இரண்டாக மடித்து, இரண்டு முனைகளையும் ரப்பர் பேண்டால் இணைத்தால் எந்தத் தலைக்கும் நீண்டு கொடுக்கும். ஸ்டேப்ளர் அடித்தால் பின்னின் கால்கள் வெளிப்பக்கம் வர வேண்டும், அதன் மேல் டேப் சுற்ற வேண்டும். உள்ளே இருந்தால் நெற்றியைக் கீறிவிடும்.

முகத்தின் நிறத்தை அவரவர் தேர்ந்தெடுத்தார்கள். ஓனிக்கு ஐந்து நிறம் சொல்வார்கள், பௌத்தத்தில் மனதைத் தடுக்கும் ஐந்து தடைகளோடு சேர்த்து. சிவப்பு ஆசை, நீலம் கோபம், பச்சை தூக்கமும் சோம்பலும், இப்படி. பச்சை எதற்கு என்று சொன்ன உடனே மகன் “அப்ப பச்சைதான் செய்யணும், அது அப்பா ஓனி” என்று முடிவு செய்துவிட்டான். மகள் சிவப்புத் தாளைக் கையில் எடுத்தவள் கடைசி வரை விடவே இல்லை.

இரண்டரை வயதுக்கு நான் கொடுத்த வேலை கிழிப்பது. கத்தரிக்கோல் வேண்டாம், ஓரிகாமி தாளை இரண்டு கையாலும் பிடித்து ஒரு கையைத் தன் பக்கமும் இன்னொரு கையை எதிர்ப்பக்கமும் இழுக்கக் கற்றுக்கொள்வதே அந்த வயதுக்குப் பெரிய காரியம். கிழித்த துண்டுகளை ஸ்டார்ச் பசையில் தொட்டு ஓனியின் முடியாக ஒட்டினாள். விரலால் தொட்டு எடுக்கிற அந்தப் பசையையே வாங்குங்கள், கையை எல்லாம் ஈரத்துணியில் துடைத்தால் போய்விடும். ஐந்து வயதுக்காரனுக்கு நூல் முடி. கம்பளி நூலை என் கையில் சுற்றச் சொல்லி, நடுவில் கட்டி, இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் சுருட்டை முடி தயார். கொம்புக்கு மஞ்சள் வரைதாளில் கால் வட்டம் வெட்டிக் கூம்பாகச் சுருட்டி, அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு இதழ் மாதிரி விரித்து ஒட்டினால் ஆடாமல் நிற்கும். வடகிழக்குத் திசையில் இருந்து ஓனி வருகிறது என்பது நம்பிக்கை, பழைய திசைக் கணக்கில் அது எருதுக்கும் புலிக்கும் இடையில் வரும். எருதின் கொம்பும் புலித்தோல் கால்சட்டையும் அப்படித்தான் வந்தன என்று மகனிடம் சொன்னேன், அவன் கொம்பில் கறுப்புக் கோடு போட்டு அதையும் புலியாக்கிவிட்டான்.

கண், புருவம், மூக்கு, கோரைப்பல் எல்லாம் தனித்தனியாக வெட்டிக் கொடுத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டேன். இந்த வேலையின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கண் நெற்றியிலும் ஒரு கண் கன்னத்திலும் போகும், நேராக ஒட்டச் சொல்லி வாய் வரைக்கும் வரும், சொல்லக்கூடாது. மகளின் ஓனிக்கு வாய் தலைகீழாக அமைந்ததில் அது அழுகிற ஓனி ஆனது. அவள் அதைத் தட்டிக் கொடுத்துத் தூங்க வைத்தாள். அதற்கப்புறம் பயத்துக்கு எங்கே இடம்?

பெட்டி சீக்கிரம் முடிந்தது. செய்தித்தாளில் 40 சென்டிமீட்டர் சதுரம் வெட்டி ஓரிகாமியில் மாசு என்கிற சதுரப் பெட்டி மடித்தால், அடிப்பக்கம் 14 சென்டிமீட்டரும் உயரம் 7 சென்டிமீட்டரும் வரும், குழந்தை கை தாராளமாக உள்ளே போகும். சாதாரண 15 சென்டிமீட்டர் ஓரிகாமி தாளில் மடித்தால் ஐந்து சென்டிமீட்டர் பெட்டிதான் கிடைக்கும், இந்த வேலைக்கு அது சிறிது. மடிக்கப் பொறுமை இல்லை என்றால் ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டியின் அடிப்பாகத்தை வெட்டிச் சுற்றிலும் தாள் ஒட்டுங்கள், அதுவும் நன்றாக இருக்கிறது.

பீன்ஸ் விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். செட்சுபுனுக்கு விற்கிற வறுத்த சோயா பீன்ஸ் நம் ஊர் வறுகடலை போல மொறுமொறுவென்று கடினமாக இருக்கும். கடினமான பீன்ஸ், கொட்டை வகைகளை ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குச் சாப்பிடக் கொடுக்க வேண்டாம் என்று ஜப்பான் அரசின் நுகர்வோர் அமைப்பே எச்சரிக்கிறது, துண்டு மூச்சுக்குழாயில் போய்விடும் என்பதால். தரையில் எறிந்தால் சோபாவுக்கு அடியில் போன ஒன்று பிறகு எப்போதாவது கைக்குக் கிடைக்கும், அதுதான் ஆபத்து. அதனால் எங்கள் பீன்ஸ் செய்தித்தாள் உருண்டை. தாளைக் கசக்கி, இறுக்கி, மஞ்சள் மாஸ்கிங் டேப் சுற்றினோம். அளவுக்கு ஒரு சோதனை இருக்கிறது: சின்னக் குழந்தையின் வாய் சுமார் 4 சென்டிமீட்டர் வரை திறக்கும், டாய்லெட் ரோலின் நடுக்குழாயும் ஏறக்குறைய அதே விட்டம். அந்தக் குழாயில் நுழைகிற எதுவும் வேண்டாம். மகன் ஒவ்வொரு உருண்டையாகக் குழாயில் போட்டுப் பார்த்துத் தேர்வு செய்தான், செய்ததை விட அந்தப் பரிசோதனையில்தான் அவனுக்கு அதிக சந்தோஷம்.

இதெல்லாம் தயாரான பிறகு எதிர்பார்க்காத ஒரு சிக்கல். “அம்மா, இதை வெளியில துரத்த வேணாம்மா, வெளியில குளிரும்ல” என்றான் மகன். பச்சை ஓனி அவன் தோழனாகிவிட்டது. நல்லவேளையாக இதற்கும் மரபில் இடம் இருக்கிறது. நாரா மாகாணத்து யோஷினோவில் கின்புசென்ஜி கோவிலில் “ஃபுகு வா உச்சி, ஓனி மோ உச்சி” என்று ஓனியையும் உள்ளேதான் கூப்பிடுகிறார்கள், மற்ற ஊர்களில் விரட்டப்பட்ட ஓனிகளை வரவேற்றுத் திருத்தி அனுப்புவதாக நம்பிக்கை. டோக்கியோ சென்சோஜி கோவிலில், அங்கே வழிபடும் கருணைத் தெய்வமான கன்னோன் முன்னால் ஓனியே இருக்காது என்பதால் ஓனியைப் பற்றிய வரியையே சொல்வதில்லை. ஆக எங்கள் வீட்டில் யோஷினோ முறை.

அன்று மாலை என் கணவர் வேலையில் இருந்து வந்ததும் பிள்ளைகள் கண் முன்னாலேயே முகமூடியை மாட்டிக்கொண்டார். இதை முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். கதவைத் தட்டி உறுமிக்கொண்டு வருவதை விட, அப்பா ஓனி ஆவதைப் பார்த்தால் மகளுக்குப் புரியும். அவள் கொஞ்ச நேரம் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்புறம் தன் சிவப்பு ஓனியைத் தலையில் மாட்டச் சொல்லிவிட்டு எறிய ஆரம்பித்தாள். காகித உருண்டை என்பதால் முகத்தில் பட்டாலும் வலி இல்லை, அவர்கள் பலமாகவே எறிந்தார்கள்.

மத்தி மீன் தலையும் முள் இலையும் வாசலில் மாட்டுவது பழைய வழக்கம், நாற்றமும் முள்ளும் ஓனியை அண்ட விடாது என்று. குடியிருப்பில் நிஜத் தலையை மாட்ட முடியாது, சாம்பல் நிறத் தாளில் தலையும் பச்சைத் தாளில் முள் இலையும் வெட்டிக் கதவில் ஒட்டினோம். நிஜ மத்தியை மிளகாய்ப் பொடி தடவி வறுத்துச் சாப்பிட்டோம்.

அடுத்தது மார்ச் 3, ஹினா மத்சுரி, பெண் குழந்தைகளுக்கான பொம்மைப் பண்டிகை. மீந்த பால் அட்டைப்பெட்டிகளைக் கழுவிக் காய வைத்திருக்கிறேன், பொம்மைகளுக்குப் படிக்கட்டு செய்ய அது போதும். கிமோனோவுக்குப் பூப்போட்ட தாள் மட்டும் வாங்க வேண்டும்.