ரசீது கேட்பவர்களும் கியூஆர் தேடுபவர்களும்

அறக்கட்டளைக்கு நிதி திரட்ட ஒரு கச்சேரி வைத்தால் அரங்க வாடகை, ஒலிபெருக்கி, கலைஞர்கள், சாப்பாடு எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும்? எழுபது வயதுக்காரர் இதைக் கேட்பது அபூர்வம். இருபத்தைந்து வயதுக்காரரின் முதல் கேள்வியே அதுதான். இரண்டு பேரையும் ஒரே அழைப்பிதழால் கூப்பிட முடியாது.

மூத்தவர்கள் அழைத்த ஆளுக்காக வருகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் அவர்கள் கணக்கில் அழைப்பே இல்லை. நேரில் போய்ப் பத்திரிகை வையுங்கள். விழா மலரில் 'தந்தையார் நினைவாக' என்ற வரியை அச்சுக்கு முன் போனில் படித்துக் காட்டுங்கள். இனிஷியல் தப்பினால் அடுத்த வருடம் அந்த வீட்டுக் கதவு திறக்காது, அந்தக் கோபம் நியாயமானதும்கூட. இவர்கள் கவரில் ரொக்கம் கொண்டுவருவார்கள். 2017 ஏப்ரல் முதல் ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி எனப்படும், நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு கிடையாது. ஆகவே, காசோலை எந்தப் பெயருக்கு என்பதைப் பத்திரிகையிலேயே அச்சிடுங்கள். பான் எண்ணையும் அன்றே வாங்கிவிடுங்கள். மார்ச் கடைசியில் துரத்தினால் கிடைக்காது. டிக்கெட் பணத்தையும் நன்கொடையையும் ஒரே ரசீதில் போடவே கூடாது.

நடுவயதுக்காரர்கள் பத்து டிக்கெட் வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிடுவார்கள். பணம் வந்துவிடும், நாற்காலி காலியாக இருக்கும். இருக்கை எண் போடாமல் விட்டால் நிரப்பிவிடலாம்.

இளையவர்களிடம் 80ஜி பற்றிப் பேசிப் பெரிய பயனில்லை. புதிய வரிமுறையில் அந்தக் கழிவே இல்லை. 2023-24 நிதியாண்டு முதல், வேறு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக அமைவதும் அந்த முறைதான். கடற்கரையில் 5 கி.மீ. ஓட்டம் என்றால் விடியற்காலையில் வந்து நிற்பார்கள். ஆனால் பதிவுக் கட்டணத்தில் டி-ஷர்ட், பதக்கம், தண்ணீர் போக நன்கொடையாக நிற்பது எவ்வளவு என்று பதிவுப் பக்கத்திலேயே எழுதுங்கள். மறைத்தால் அன்று ஓடுவார்கள், அதன்பின் ஒரு ரூபாயும் வராது.

இவர்களிடம் மாதாமாதம் வாங்க யுபிஐ ஆட்டோபே நல்ல வழி. அதில் ஒரு சிக்கல் உண்டு. பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பு போகும் அறிவிப்பில் பெரும்பாலும் இருப்பது அறக்கட்டளையின் பதிவுப் பெயர். ஓட்டத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தால், 'இது யாரோ' என்று ரத்து செய்துவிடுவார்கள். பேனரிலும் டி-ஷர்ட்டிலும் பதிவுப் பெயர் இருக்கட்டும். பணம் எங்கே போனது என்று மூன்று வரியும் ஒரு படமும் அந்த மாதத்துக்குள் அனுப்புங்கள். பழுத்த அறங்காவலர்கள் இதை விளம்பரம் என்று முகம் சுளிப்பார்கள். கொடுத்தவருக்குச் சொல்லவேண்டிய கணக்கு அது.

மேசையில் கியூஆர் அட்டை வைக்கும் முன் இன்னொன்று. விடுமுறைக்கு வந்த அமெரிக்கக் குடியுரிமைத் தமிழர் ரூபாயில் அனுப்பினாலும் சட்டப்படி அது வெளிநாட்டுப் பங்களிப்பு. ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் சிக்கலில்லை. அட்டைக்குப் பக்கத்தில், கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு தன்னார்வலரை உட்கார வையுங்கள்.