பன்னிரண்டு பூஜ்யங்கள்

எங்கள் குழுவுக்கென்று சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. அதற்கு ஹாஷ் டேபிள் எழுதும் வேலை என்னிடம் வந்தது. கீயை, அதாவது தேடும் அடையாளத்தை, வைத்தே அதன் அறையைக் கணக்கிட்டுச் சொல்லும் அட்டவணை அது. மொத்தம் 1024 அறைகள். கீ ஓர் எண். அதை பைனரியில் எழுதினால் வரும் 0, 1 இலக்கங்களில், அதாவது பிட்டுகளில், கடைசி 10 பிட்டுகளே அறை எண். அந்த அறை நிரம்பியிருந்தால் அடுத்தது, அதுவும் நிரம்பியிருந்தால் அதற்கடுத்தது. 1, 2, 3 என்று வரிசையாகப் போட்டுச் சோதித்தேன். பறந்தது.

நிஜ டேட்டா வந்ததும் ஊர்ந்தது. மெமரி ஒதுக்கீட்டைச் சந்தேகித்து இரண்டு நாள் போயிற்று. பக்கத்தில் இருந்த மூத்தவர், “முதல்ல கீயை பைனரியில பிரிண்ட் பண்ணிப் பாருங்க” என்றார்.

1000000000000
10000000000000
11000000000000

திரை முழுக்க இப்படியே. எல்லாக் கீயின் வாலிலும் 12 பூஜ்யங்கள். அந்த ஐடிகளை 4096, 4096 ஆகக் கூட்டித்தான் வழங்கியிருந்தார்கள். நான் பார்த்ததோ கடைசி 10 பிட்டுகளை மட்டும். ஆக, வந்த ஒவ்வொன்றும் 0-வது அறையின் கதவைத்தான் தட்டியது. 600 கீகளை உள்ளே வைப்பதற்குள் நிரம்பிய அறைகளை 1,79,700 முறை தாண்ட வேண்டும்.

பைத்தானிலும் சிறிய முழு எண்ணுக்கு ஹாஷ், அதாவது அறையைக் கணக்கிட எடுக்கும் எண், அந்த எண்ணேதான். அங்கேயும் முதலில் பார்ப்பது கீழ் பிட்டுகளைத்தான். ஆனால் மோதல் வந்தால், அதாவது அந்த அறை ஏற்கெனவே நிரம்பியிருந்தால், அடுத்த அறைக்கு நகராமல், மேல் பிட்டுகளை ஐந்தைந்தாகக் கீழே இறக்கிக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வேறெங்கோ தாவும். அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! கீ எப்படி வந்தாலும் சமாளிக்க யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

நான் இன்னும் எளிய வழியை எடுத்தேன். 2-இன் 64-ஆம் அடுக்கைத் தங்க விகிதத்தால் (சுமார் 1.618) வகுத்தால் கிடைக்கும் ஒற்றைப்படை எண்ணால் கீயைப் பெருக்கி, விடையின் மேல் 10 பிட்டுகளை எடுப்பது. ஒரு பெருக்கல், பிட்டுகளை நகர்த்த ஒரு ஷிஃப்ட், அவ்வளவுதான். கீகள் அறைகளெங்கும் பரவி உட்கார்ந்தன.

சரி, நீக்கம் மிச்சமிருந்தது. ஒன்றை எடுத்துவிட்டு அறையை வெறுமனே காலி என்று குறித்தால், மோதலால் அதைத் தாண்டிப் போய் உட்கார்ந்த கீ தேடலில் அகப்படாது. காலி அறையைக் கண்டதும் தேடல் நின்றுவிடும். அதனால் ‘இங்கே ஒன்று இருந்தது’ என்று தனி அடையாளம் வைத்தேன். இந்த முறை சோதனைக்கு 1, 2, 3 போடவில்லை. அந்த 600 ஐடிகளையே போட்டு, பாதியை நீக்கி, மீதியைத் தேடிப் பார்த்தேன்.