எத்தனை மீட்டர் வயர்?

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. ரிப்பேருக்கு வரும் மிஷினுக்கு நாங்கள் எழுதும் ஜாப் கார்டில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. சீரியல் நம்பர், பில் தேதி, என்ன கோளாறு, கூட வந்த சாமான் என்னென்ன, அவ்வளவுதான். வயர் நீளம் கேட்பது என் சொந்தப் பழக்கம். பதினோரு வருஷம் மோட்டார் பிரித்ததில் வந்தது.

வீரவநல்லூரிலிருந்து மைட்டர் சா என்கிற மரம் அறுக்கும் மிஷினைச் சாக்கில் கட்டி பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டார் ஆசாரி. பத்து இஞ்சு ஸ்லைடிங், 1,800 வாட், இருபது கிலோவுக்குக் குறையாது. ஆட்டோ பிடிக்காமல் ஸ்டாப்பிலிருந்து தோளில் வைத்தே நடந்திருக்கிறார். இடது தோள் முழுக்கச் சணல் நார். ஐம்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கியது. வாரண்டி முடிய இன்னும் 19 நாள் இருந்தது.

“எத்தன மீட்டர் வயர் போட்டு ஓட்டுதிய அண்ணாச்சி?”

“முப்பது மீட்டர் இருக்கும் தம்பி. வேலை நடக்க வீட்டுல கரண்டு இல்ல. பக்கத்து வீட்டுலேருந்து இழுத்தோம்.”

“என்ன வயரு?”

“சாதா வயருதான். முக்கால்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கேட்காமலே அடுத்ததையும் சொன்னார். “பழைய பனங்கை நாலஞ்சு கெடந்துச்சு. அதையும் இதுலயே அறுத்தேன்.”

பிரித்தேன். வார்னிஷ் கருகிய வாடை மூடியைத் திறக்கும் முன்பே வந்துவிட்டது. மோட்டாரில் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் காயில் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. அதன் நுனியில் கரண்டு ஏறும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் கார்பன் பிரஷ் உட்காருகிற தடம் முழுக்கக் கரி. எலக்ட்ரானிக் மாட்யூலும் போய்விட்டது. ‘ஓவர்லோடு, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர்’ என்று எழுதி கம்பெனிக்கு அனுப்பினேன். இரண்டாம் நாளே வாரண்டி கிடையாது என்று பதில் வந்தது. நான் எழுதத்தான் செய்தேன், முடிவு அவர்களுடையது. இப்படி எனக்கு நானே பல தடவை சொல்லியாயிற்று.

எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. முக்கால் ஸ்கொயர், அதாவது 0.75 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்பு வயர் முப்பது மீட்டர் என்றால் போகவர அறுபது. மிஷின் எட்டு ஆம்பியர் இழுத்தால் அந்த வயரிலேயே 11 வோல்ட் காணாமல் போகும். இந்த மிஷின்களின் மாட்யூலில் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்க ஒரு சர்க்யூட் உண்டு. வோல்டேஜ் இறங்கினாலும் மரம் கடினமாக இருந்தாலும் அது விட்டுக்கொடுக்காமல் இன்னும் கரண்டை இழுத்து வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அறுப்பவர் கைக்கு மிஷின் திணறுவது தெரியாது. சாதா மிஷின் என்றால் சத்தம் இறங்கும், ஆசாரி கையைத் தளர்த்திவிடுவார். பனங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வைரம் பாய்ந்த பனையின் கறுப்பு நார் பிளேடு பல்லை எப்படி மழுக்கும் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆக, நான் எழுதியது சரி.

அப்புறம் ராத்திரி வேறு கணக்கு வரும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் 6 சதவீதம் வரை கூடலாம், குறையலாம் என்பது விதி. 216 வரை இறங்கினாலும் அது ஒழுங்கான சப்ளைதான். அதில் 11 போனால் 205. அந்த 205-ல் செத்துப்போகிற மிஷினை ஐம்பதாயிரத்துக்கு இந்த ஊரில் ஏன் விற்கிறோம்? அந்த வீட்டில் மீட்டர் வைத்து யாரும் பார்க்கவும் இல்லை.

அதே மாடல், அதே மாட்யூல், அந்த வருஷம் எனக்கு அது மூன்றாவது. ஒன்று நாங்குநேரிப் பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்தது. ரெண்டரை ஸ்கொயர் தடி வயர், ஸ்டெபிலைசர் எல்லாம் இருந்தும் ஏழாம் மாதம் போனது. மூன்றை வைத்து மாட்யூலே சரியில்லை என்று சொல்ல முடியாது. வயர்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கருகின காயிலைப் பார்த்து, சூடு வயரால் வந்ததா, மழுங்கின பிளேடால் வந்ததா, மாட்யூல் முதலில் போனதா என்று எந்த மெக்கானிக்காலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆசாரி வாயால் சொன்னதைத்தான் நான் எழுதினேன்.

இன்னொன்று பாளையங்கோட்டை காண்ட்ராக்டருடையது. அவரிடமும் கேட்டேன். “நேரா பிளக்குலதாங்க” என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிளக்கில் ஒரு பின் உருகிக் கறுத்திருந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொளதொளவென்று செருகி ஓட்டினால் அப்படி ஆகும். பார்த்தேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை. ‘மாட்யூல் பழுது’ என்று எழுதினேன். நாலு நாளில் இலவசமாகப் போய்விட்டது. அவர் கணக்கில் எங்களிடம் இருபது மிஷின் ஓடுகிறது என்பதாலா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். முழுக்க இல்லை என்று சொல்ல வாய் வராது.

ஆசாரி இதற்கு முன்னால் பதினைந்து வருஷம், மார்பிள் கட்டரை டேபிளுக்கு அடியில் கவிழ்த்து மாட்டித்தான் அறுத்திருக்கிறார். விரலுக்கு ஆபத்தான வேலை, நான் யாரையும் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் காயில், பிரஷ், ஸ்விட்ச் தவிர ஒன்றும் இல்லை. எரிந்தால் காயில் கட்டும் கடையில் கொடுத்து மறுநாள் வாங்கிவிடலாம். இந்த மாட்யூல் பிசின் ஊற்றி அடைத்த கட்டி. உள்ளே எது போனாலும் முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

ஆர்மேச்சர், மாட்யூல், கூலி சேர்த்து பதினோராயிரத்துச் சொச்சம் என்றேன். அவருக்குப் பத்து நாள் சம்பளம். கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு,

“நான் மாத்திச் சொல்லியிருந்தா கெடைச்சிருக்குமா தம்பி?” என்றார்.

“அப்படியெல்லாம் இல்ல அண்ணாச்சி. பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சுரும்.”

தலையை ஆட்டிக்கொண்டார். வேறு என்ன சொல்வது? ‘ஆமா, பொய் சொல்லியிருந்தா கெடைச்சிருக்கும்’ என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சொல்லாமல் இருந்தது மரியாதை என்று அப்போது நினைத்தேன். என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்றும் இப்போது தோன்றுகிறது. ரெண்டும்தான் போல. கூலியை மட்டும் கழித்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை, பில்லில் பார்த்திருப்பார்.

போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் அதே மாடலைக் கொண்டுவந்தான். ஜாப் கார்டை எடுத்து சீரியல் நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். வயரைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

“நேரா பிளக்குலதான் சார் போட்டோம். எக்ஸ்டென்ஷன் வயரே கெடையாது” என்றான்.

அவன் தோள்பை ஜிப் பாதிதான் மூடியிருந்தது. உள்ளே மஞ்சள் வயர்ச் சுருள். பில் தேதி என்ன என்று கேட்டேன்.