டிரெக்கிங்ல சமைக்காதீங்க, தண்ணி மட்டும் கொதிக்க வைங்க

பேக்பேக் மாட்டிக்கிட்டு ரெண்டு மூணு நாள் நடக்கப் போறவங்க எல்லாரும் கேக்கறது "அங்க போயி என்ன சமைக்கலாம்"னுதான். ஒண்ணும் சமைக்காதீங்க. வெட்டறது, வதக்கறது, வேகவைக்கறது எல்லாத்தையும் கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுல முடிச்சிடுங்க, அங்க தண்ணி கொதிக்க வச்சு ஊத்தி மூடி வைக்கறது மட்டும்தான் வேலையா இருக்கணும். சாயங்காலம் டென்ட் அடிச்சு முடிக்கறப்போ கால் ரெண்டும் கெஞ்சும், அப்ப போயி வெங்காயம் உரிக்க யாருக்குங்க தெம்பு இருக்கும்?

அடுத்தது எடை. ஆப்பிள் நல்லதுதான், ஆனா அதுல கிட்டத்தட்ட 85 சதவீதம் தண்ணி, 100 கிராம் தின்னா 50 கலோரி சொச்சம்தான் வரும். அதே 100 கிராம் பாதாம் 570, 580 கலோரி கிட்ட குடுக்கும். காரணம் சிம்பிள், ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, மாவுச்சத்துலயும் புரதத்துலயும் 4தான். அதனால கடையில பாக்கெட்ட திருப்பிப் பாத்து 100 கிராமுக்கு 400 கலோரிக்கு மேல இருந்தாத்தான் நான் எடுக்கறது. ஓட்ஸ் கொஞ்சம் கம்மியா 380 கிட்ட நிக்கும், பரவால்ல, கொழுப்பு எடுக்காத பால் பவுடரும் நட்ஸும் சேத்துட்டா கணக்கு சரியாயிடும். ஆலிவ் ஆயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்ல கண்டிப்பா இருக்கணும், எடைக்கு அத மிஞ்ச ஆளே கிடையாது, ஆனா ரெண்டு கவர் போட்டு கட்டுங்க, ஒழுகிச்சுன்னா ஸ்லீப்பிங் பேக் வரைக்கும் நாறும்.

நான் அடிக்கடி பண்ற டின்னர சொல்றேன். ஒரு ஜிப்லாக் கவர்ல 80 கிராம் கூஸ்கூஸ் (கோதுமை ரவைய குட்டி குட்டி மணியா உருட்டினது), ஒரு கைப்பிடி காஞ்ச கேரட் பட்டாணி, சூப் பவுடர், கொஞ்சம் மிளகாய்த் தூள், கவர் மேல மார்க்கர்ல "200 மில்லி"ன்னு எழுதிடுவேன் ஏன்னா இருட்டுல பசியோட கணக்கு போட வராது. தண்ணி கொதிச்சதும் அடுப்ப அணைச்சிட்டு இதக் கொட்டி, மூடி போட்டு, பாத்திரத்த ஃப்ளீஸ் ஜாக்கெட்ல சுத்தி வச்சிடணும். பத்து நிமிஷம் கழிச்சு திறந்தா தண்ணி சுத்தமா இழுத்து பொலபொலன்னு உப்பியிருக்கும், சுருங்கிக் கிடந்த கேரட் திரும்ப கேரட் மாதிரி ஆயிருக்கும், மேல ஒரு ஸ்பூன் எண்ணெய ஊத்தி கிளறி அப்படியே பாத்திரத்துலயே சாப்பிடுங்க. ஜாக்கெட்ல சுத்தறது சும்மா இல்ல, அந்த பத்து நிமிஷத்து கேஸ் மிச்சம். கூஸ்கூஸ் புடிக்காதவங்க இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், உருளைக்கிழங்கு ஃப்ளேக்ஸ், வேகவச்சு காயவச்ச அரிசின்னு மாத்திக்கலாம், முறை அதேதான்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா மேல ஏற ஏற தண்ணி கம்மி சூட்டுலயே கொதிச்சிடும், 3,000 மீட்டர்ல சுமார் 90 டிகிரிதான். பருப்பும் தடி பாஸ்தாவும் அங்க வேக ரொம்ப நேரம் ஆகும், அதுக்குள்ள கேஸ் தீரும். காஞ்ச ராஜ்மாவ ஊறவச்சு அரைகுறையா வேகவச்சு சாப்பிடற வேலையே வேண்டாம், அதுல ஒரு நச்சு இருக்கு, நல்லா கொதிச்சாத்தான் போகும், இல்லன்னா வாந்திதான். வீட்டுலயே முழுசா வேகவச்சு காயவச்சு எடுத்துட்டுப் போங்க. வீட்டுல காயவைக்கும்போது எண்ணெய் சேக்காதீங்க, தண்ணி மாதிரி எண்ணெய் காயாது, சிக்கு வாடை வந்துடும்.

கடையில கிடைக்கற ஃப்ரீஸ் டிரைடு பாக்கெட் உண்மையிலேயே நல்லா வேலை செய்யும். உறைய வச்சு, வேக்குவம்ல அந்த ஐஸ நேரா ஆவியாக்கி எடுத்துடறாங்க, சாப்பாடு ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்கும், சுடுதண்ணி பட்டதும் இழுத்துக்கும். விலைதான் இடிக்குது, அப்புறம் "ரெண்டு பேருக்கு"ன்னு போட்டிருக்கறது நடந்துட்டு வந்த ஒருத்தருக்கே பத்தாது.

அடுப்பே வேண்டாம்னு பச்சத்தண்ணியில ஊறவச்சு சாப்பிடற கோஷ்டியும் இருக்கு. ஓட்ஸ ராத்திரி டப்பாவுல ஊறப்போட்டா காலைல ரெடி, அது ஓகே, ஆனா குளிருல ஜில்லுனு ஊறின நூடுல்ஸ் எனக்கு ஆவாது. அடுப்பு கொண்டு போறவங்க ஒண்ணு பாத்துக்கங்க, வெறும் பியூட்டேன் கேஸ் ஜீரோ டிகிரி பக்கத்துல வந்தாலே ஆவியாகாம படுத்துக்கும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கேனிஸ்டர், அதாவது குட்டி கேஸ் டப்பா, வாங்குங்க, குளிர் அதிகம்னா ராத்திரி அத ஸ்லீப்பிங் பேக்குள்ள போட்டுக்கிட்டு தூங்குங்க.

மத்தியானத்துக்கு அடுப்ப வெளியவே எடுக்காதீங்க. பீனட் பட்டர், ஏதாவது தட்டையான ரொட்டி, உலர் திராட்சை, நடந்துட்டே கொறிக்க நட்ஸ், போதும். மொத்தத்துல ஒரு நாளைக்கு 600லேருந்து 800 கிராம் சாப்பாடு நிறைய பேருக்கு சரியா இருக்கும், ஏத்தமும் குளிரும் ஜாஸ்தின்னா கூட்டிக்கங்க. ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி கவரா கட்டுங்க, இல்லன்னா முதல் நாளே நல்லதெல்லாம் காலி பண்ணிட்டு கடைசி நாள் வெறும் ஓட்ஸ மென்னுக்கிட்டு இருப்பீங்க. காலி கவரெல்லாம் திரும்ப உங்க பைக்குள்ளதான், அதுக்கு ஒரு கவர் எக்ஸ்ட்ரா வச்சிக்கங்க.