இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்: ஆயித்தியமலைக்கு ஒரு பாதயாத்திரை

ஆவணி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு மறைமாவட்டத்துக் கத்தோலிக்கரின் மனம் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பக்கம் திரும்பிவிடும். ஆயித்தியமலை சதா சகாய அன்னையின் திருத்தலத்தில் ஓகஸ்ட் இறுதியில் கொடியேறி, நவநாள்கள் நடந்து, செப்டெம்பர் முதல் ஞாயிறன்று திருவிழாத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும். அதற்கு முந்திய நாள், மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர்களும் நேர்த்தி எதுவும் இல்லாதவர்களும் பல பங்குகளிலிருந்து கால்நடையாக அங்கே வந்து சேருவார்கள். நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். கேட்பதற்கென்று குறிப்பான மன்றாட்டு இல்லாதபோதும் அந்த நடை எனக்கு வேண்டியிருக்கிறது.

எங்கள் குழு புளியந்தீவு புனித மரியாள் பேராலயத்தில் செபித்துவிட்டு, கிழக்கு வெளுக்கும் முன்னரே புறப்பட்டது. அந்த ஆலயத்தில் முழந்தாளிடும் எவருக்கும் மரணத்தைப் பற்றித் தனியாகப் பிரசங்கிக்க வேண்டியதில்லை. 1988 யூன் 6ஆம் திகதி அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ சுட்டுக்கொல்லப்பட்டது இங்கேதான். 2005இல் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டதும் இங்கேதான். வாவியைத் தாண்டிக் கிழக்கே போனால், 2004 டிசம்பர் 26இல், நத்தாருக்கு மறுநாளான ஞாயிறு காலையில், கடல் ஏறி வந்த கல்லடியும் டச்பாரும் நாவலடியும் இருக்கின்றன. நகருக்குள்ளே, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்து, ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலரும் மாண்ட சீயோன் தேவாலயம் இருக்கிறது.

இத்தனையும் கண்ட ஊரில் மரண நினைவுக்குப் பஞ்சம் இருக்க நியாயமில்லை. ஆயினும், சாவைக் கண்டவர்கள் எல்லோரும் அந்த நினைவைக் கடவுளின் கையில் நாள்தோறும் ஒப்படைத்து வாழ்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. சிலர் இறுகிப்போய்விட்டார்கள்; கண்ணீர் வராத அளவுக்கு இறுகியவர்களை நான் அறிவேன். வேறு சிலர், நாளை என்பது நிச்சயமில்லை என்று சொல்லியே குடும்பத்தையும் கடமையையும் கைவிட்டு, கிடைத்ததை அன்றன்றே செலவழித்துத் தீர்க்கிறார்கள். ஒரே கடல், ஒரே குண்டு, ஒரே துயரம் வெவ்வேறு மனிதரை வெவ்வேறு விதமாக ஆக்கியிருப்பதைப் பார்க்கும்போது, மரண நினைவு ஒரு கிறிஸ்தவனின் அன்றாடத்தை நல்வழியில் ஆக்குவதற்குத் துயரத்துக்கு மேலாக வேறொன்று வேண்டும் என்பது விளங்குகிறது. அந்த வேறொன்று நாம் சின்ன வயதிலேயே மனனம் செய்த ஒரு செபத்துக்குள் இருக்கிறது என்பதே இந்தப் பாதயாத்திரையில் எனக்குக் கிடைத்த தெளிவு.

வலையிறவுப் பாலத்தில் ஏறும்போது செபமாலை தொடங்கியது. ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையில் 'அருள் நிறைந்த மரியே' என்னும் செபத்தை 53 தடவை சொல்கிறோம். அந்த 53 தடவையும் நம்முடைய சாவை நாமே வாய்விட்டுச் சொல்கிறோம். முதியவர்கள் 'எங்கள் மரண நேரத்திலும்' என்று பழைய முறையில் சொன்னார்கள். இளையவர்கள் 'எங்கள் இறப்பின் வேளையிலும்' என்றார்கள். இரண்டு குரலும் கலந்து பாலத்தின் மேலே போயிற்று. வீட்டில் விளக்கடியில் இருந்து சொல்லும்போது வாய் முந்த மனம் பிந்திவிடும். நடக்கும்போது மூச்சின் அளவுக்குத்தான் சொற்கள் வரும், ஆகவே ஒவ்வொன்றும் காதில் விழுகிறது. மாதாவிடம் அந்தச் செபத்தில் நாம் துணை கேட்பது இரண்டு வேளைகளுக்கு மட்டுமே: இந்த நேரத்துக்கு, சாகும் நேரத்துக்கு. நேற்றைக்காகவும் அடுத்த வருடத்துக்காகவும் அங்கே ஒரு வார்த்தை இல்லை. ஒருநாள் அந்த இரண்டு வேளையும் ஒன்றாகிவிடும். அதுவரைக்கும், இந்த நேரத்தை அந்த நேரத்தோடு சேர்த்தே ஒரு தாயின் கையில் கொடுப்பதற்குத் திருச்சபை நம்மைப் பழக்குகிறது.

பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் வந்ததும் பொழுது ஏறிற்று. சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்த வயல்களில் ஒட்டு மட்டும் நின்றது, மாடுகள் மேய்ந்தன. வழியோரக் குடிமனைகளில், நம் மதத்தைச் சேராத விவசாயிகள் தண்ணீர்ப் பானையும் தேசிக்காய்க் கரைசலும் வைத்துக்கொண்டு நடப்பவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். 2007 மார்ச்சில் போருக்குப் பயந்து படுவான்கரைச் சனம் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்தபோது விதைநெல்லையும் மாட்டையும் விட்டுவிட்டே போனது. இன்று அந்தப் பயம் நீங்கினாலும் யானைப் பயம் நீங்கவில்லை. வேளாண்மைக் காலத்தில் இரவுக் காவலுக்குப் போகும் மனிதர் விடிய வீடு திரும்பினால்தான் வீட்டாருக்கு மூச்சு வரும். லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன செல்வரின் உவமை அந்த வயல்களின் நடுவே நடக்கும்போது மிக அருகில் வந்துவிடுகிறது. விளைச்சல் பெருகிய அந்த மனிதர் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தார். அன்றிரவே அவருடைய உயிர் கேட்கப்பட்டது. விதைத்ததற்காகவோ விளைந்ததற்காகவோ ஆண்டவர் அவரைக் கடியவில்லை. அவருடைய கணக்கு முழுவதிலும் 'நான்', 'என்' என்பதைத் தவிர வேறொருவருக்கு இடமில்லை என்பதுதான் குறை.

எங்கள் குழுவில் கல்லடிப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் வந்தார். சுனாமியில் மகளைக் கொடுத்தவர். வழியில் ஒரு மருதமரத்தடியில் இளைப்பாறியபோது, தண்ணீர்ப் போத்தலை எடுப்பதற்காகத் தமது பையைத் திறந்தார்; உள்ளே பொலித்தீன் உறையில் மடித்து வைத்த வெள்ளைச் சீலை ஒன்று தெரிந்தது. திருவிழாவுக்கு உடுக்கவா என்று கேட்டேன்.

"இல்ல மனே, இது பெட்டிக்குள்ள போகக்குள்ள உடுக்கிற சீலை. மாதாட்டக் கொண்டுபோய் மந்திரிச்சு வைப்பம் எண்டு எடுத்துவந்தன்."

அதைச் சொன்ன குரலில் துக்கமோ பெருமையோ இல்லை. சீலைக்குக் கீழே ஒரு சின்னக் கொப்பி கிடந்தது. அதையும் எடுத்துக் காட்டினார். கடைக்கு எவ்வளவு, சீட்டுக்காரிக்கு எவ்வளவு, மருந்துக்கு மகன் தந்தது எவ்வளவு என்று கோணல்மாணலான எழுத்தில் எழுதி, கொடுத்து முடிந்தவற்றைக் குறுக்கே வெட்டியிருந்தார். ஏறக்குறைய எல்லாமே வெட்டப்பட்டிருந்தன.

"கடன வச்சிட்டுக் கண்ண மூடினா, புள்ளைகளுக்கு என்னத்தத் தெரியும்? சனிக்கிழமைக்குச் சனிக்கிழம தீர்த்துப்போடுவன். மறுகா ஞாயித்துக்கிழம பூசைக்குப் போகக்குள்ள மனசு லேசா இருக்கும்."

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 4ஆம் அதிகாரத்தில், மரணத்தை நாள்தோறும் கண்முன்னே வைத்திருக்கும்படி சொல்லியிருக்கிறார். அதை வாசித்தறியாத அந்தப் பெரியம்மா அதைச் சனிக்கிழமைக் கணக்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார். நாம் சாவை நினைக்கும்போது மோட்சம், நரகம், உத்தரிக்கும் நிலை என்று மேலே பார்க்கிறோம், அதில் பிழையில்லை. ஆயினும் சாவை நினைப்பவரின் கை முதலில் போகவேண்டிய இடம் இந்தக் கொப்பிதான் என்று எனக்குப் பட்டது. கொடுக்க வேண்டிய காசு, திருப்பிச் சொல்ல வேண்டிய மன்னிப்பு, எழுதிக்கொடுக்க வேண்டிய காணி உறுதி, பார்க்கப் போகவேண்டிய நோயாளி, இவை யாவும் அங்கே எழுதப்பட வேண்டியவையே.

பிற்பகல் சரிந்தபோது திருத்தலத்தை அடைந்தோம். வளவு முழுவதும் பாய் விரித்த குடும்பங்கள், கச்சான் விற்பவர்கள், மெழுகுதிரிப் புகை. சதா சகாய அன்னையின் படத்தைச் சிறு பிராயம் முதல் வீட்டுச் சுவரில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பார்த்துப் பழகியதாலேயே அதில் இருப்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். அதன் மூலப்படம் உரோமையில் புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. 1866இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அதை உலக மீட்பர் சபைக் குருக்களிடம் ஒப்படைத்தார். படத்தின் ஒரு பக்கத்தில் அதிதூதர் மிக்கேல் ஈட்டியையும் கடற்காளானையும் ஏந்தி நிற்கிறார். மறுபக்கத்தில் கபிரியேல் சிலுவையையும் ஆணிகளையும் ஏந்தி நிற்கிறார். குழந்தை இயேசு தம் சாவின் கருவிகளைக் கண்டுவிட்டார். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டு கைகளும் தாயின் வலது கையைப் பிடித்திருக்கின்றன. ஓடிவந்த வேகத்தில் ஒரு காலின் செருப்புக் கழன்று வாரில் தொங்குகிறது. மாதா குழந்தையைப் பார்க்கவில்லை, நம்மையே பார்க்கிறாள்.

கொப்புளம் கண்ட பாதங்களோடு அந்தப் படத்தின் முன்னே நின்றபோது, கழன்ற அந்தச் செருப்பையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவருக்கே சாவு அச்சம் தந்தது. ஒலிவத்தோட்டத்தில் வியர்வை இரத்தத் துளிபோல விழும்படி அவர் கலங்கினார். ஆகவே ஒரு கிறிஸ்தவன் சாவுக்கு அஞ்சக்கூடாது என்று போதிப்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அச்சம் வந்தால் யாரிடம் ஓடுகிறோம், ஓடிப்போய் எதைப் பற்றிக்கொள்கிறோம் என்பதைத்தான் அந்தப் படம் கேட்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, தச்சுத் தொழில் செய்து, கலியாண வீட்டுக்குப் போய், நோயாளரைத் தொட்டு, நண்பனின் கல்லறையில் அழுது, அதற்குப் பிறகே சிலுவைக்குப் போனார். சாவைக் கண்டவராகவே அத்தனையையும் வாழ்ந்தார். மூன்றாம் நாள் கல்லறை வெறுமையாயிற்று என்பதை விசுவசிக்கும் நமக்கு அந்த அன்றாட வாழ்வும் விசுவாசப் பொருளே.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் நோயாளி படுத்துவிட்டால் குருவானவரை அழைக்கத் தயங்குகிறோம். சுவாமி எண்ணெயோடு படலையைத் திறந்தால் ஆள் முடிந்துவிட்டது என்று அயலவர் பேசுவார்கள், நோயாளியும் பயந்துவிடுவார் என்று காரணம் சொல்கிறோம். 'அவஸ்தைப் பூசுதல்' என்று அந்த அருட்சாதனத்தை வழங்கிய பழைய காலத்தின் அச்சம் இன்னும் விடவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை நோயிற்பூசுதல் என்று தெளிவாக்கி, 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையை வழங்கி இத்தனை ஆண்டுகள் ஆகியும், கடைசி மூச்சுக்காகவே நாம் அதைப் பத்திரப்படுத்தி வைக்கிறோம். யாக்கோபு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரம், உங்களில் ஒருவர் நோயுற்றால் மூப்பரை அழையுங்கள் என்றுதான் சொல்கிறது. நினைவு தெளிவாக இருக்கும்போது பாவசங்கீர்த்தனம் செய்து, எண்ணெய் பூசப்பெற்று, பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கும் வாய்ப்பை, அன்பின் பெயரால் நாமே நோயாளியிடமிருந்து பறித்துவிடுகிறோம். இது எனக்கு மிகுந்த வேதனை தருவது.

இரவுச் செபத்திலும் இதே பாடம் இருக்கிறது. திருச்சபை படுக்கைக்குப் போகுமுன், 'உம் அடியானை அமைதியோடு போகவிடும்' என்னும் சிமியோனின் பாடலைப் பாடி, அமைதியான இரவையும் நல்ல முடிவையும் ஒன்றாகவே கேட்கிறது. குடும்பச் செபத்தில் அந்தச் சிறு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்ளும்போது, அன்று கோபித்துப் பேசிய மனைவியின் முகத்தையோ பிள்ளையின் முகத்தையோ பார்க்காமல் ஆமென் சொல்ல முடிவதில்லை. பொழுது சாயுமுன் சினம் ஆறட்டும் என்று பவுலடியார் எபேசியருக்கு எழுதியதற்கு எங்கள் வீட்டில் அந்த நேரம்தான் கடைசித் தவணை.

திருத்தல வளவில் அன்று மாலை குருக்கள் பலர் மரங்களின் கீழே கதிரை போட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்டார்கள். பெரியம்மா வரிசையில் வெகுநேரம் நின்றார். மறுநாள் திருப்பலி முடிந்ததும் ஒரு குருவானவர் அந்த வெள்ளைச் சீலையில் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்களோடு பஸ்ஸில் ஏறினார்.

நவம்பர் 2ஆம் திகதி கல்லறைத் திருநாளுக்கு எங்கள் சேமக்காலையில் புல் செருக்கிச் சுத்தம் செய்வதற்குப் பங்கின் அயலவர் குழுக்களான அன்பியங்கள் வழக்கம்போல ஆயத்தமாகும். அதற்கு முன்பாக, படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்குக் குருவானவரை அழைத்துச் செல்வதென்று பஸ்ஸிலேயே பேசி, பெயர்களை எழுதத் தொடங்கினோம். பெரியம்மா தமது மச்சாளின் பெயரைச் சொன்னார். வேலித்துண்டு ஒன்றுக்காக இருவருக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"பேரப் போடு மனே. சுவாமி போகக்குள்ள நானும் வாறன். அந்த வேலிய அவவே வச்சிக்கட்டும்."