பெயர் மாறிய வாரமும் ஒரு முகூர்த்த நாளும்

கோட்டை, அதாவது மென்பொருளின் நிரலை, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த மூல மென்பொருளைப் பற்றி யாராவது "அது இலவசம்தானே, அதை யாரும் நிறுத்த முடியாதுதானே" என்று சொன்னால், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண மண்டபத்தின் கந்தோர் அறைதான் எனக்கு ஞாபகம் வரும். மேசையில் ஒரு நீளக் கொப்பி, பக்கத்தில் கம்பியூட்டர், அதற்குப் பின்னால் மண்டபத்து ஐயா, முன்னால் இரண்டு குடும்பங்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாள், ஒரே மண்டபம். இரண்டு பேரின் கையிலும் எங்கள் மென்பொருள் அனுப்பிய உறுதிக் கடிதம். இது எப்படி நடந்தது என்று தேடிக்கொண்டு போனால் ஒரு பெயர்ச் சண்டையில் போய் நிற்கும். கனநாளாக எழுத நினைத்த கதை.

எங்கள் அலுவலகம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடி. ஆறு பேர். ரயில் போகும்போது தொலைபேசியில் கதைப்பவர்கள் கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்வார்கள், அவ்வளவு பக்கம். சின்னக் கடைகள், மண்டபங்கள், பயண முகவர்கள், தனியார் வைத்தியர்கள் போன்றவர்களுக்கு இணையத்தளம் செய்துகொடுப்பதுதான் வேலை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களுக்குள் 350 ஐத் தாண்டிப் போனபோது, வெளிநாட்டிலிருந்து மாதச் சந்தாவுக்கு வாங்கிக்கொண்டிருந்த முன்பதிவு மென்பொருளுக்குக் காசு கட்ட முடியாமல் போய்விட்டது. காசு இருந்தவர்களுக்கும் கார்ட் வேலை செய்யவில்லை. அப்போதுதான் எங்கள் சேர் சொன்னார், நாங்களே ஒன்று எழுதுவோம் என்று. எல்லோருக்கும் தெரிந்த ஒரு திறந்த மூல மென்பொருளின் மேல் ஏறி உட்காரும் பிளகின், அதாவது துணை மென்பொருள், ஒன்றை மூன்று மாதத்தில் எழுதி முடித்தோம். ஆட்களுக்குச் சட்டென்று விளங்கட்டும் என்று அந்த மென்பொருளின் பெயரையே முன்னால் ஒட்டி எங்கள் பிளகினுக்குப் பெயர் வைத்தோம். டொமைனும், அதாவது இணைய முகவரியும், அதே பெயரில். யாரும் அதை ஒரு பிழையாக நினைக்கவே இல்லை.

ஒரு வருடம் நன்றாகப் போனது. 31 தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு நாள் காலை, அந்த மென்பொருளின் பெயருக்கு உரிமையுள்ளவர்கள் சார்பில் சட்ட நிறுவனம் ஒன்றிடமிருந்து மின்னஞ்சல். பெயரை மாற்ற வேண்டும், டொமைனை ஒப்படைக்க வேண்டும், 14 நாள் தவணை. சேர் அதைச் சத்தமாக வாசித்தார். எனக்கு வந்தது கோபம்தான். ஜிபிஎல் என்ற திறந்த மூல லைசன்ஸில் வந்த மென்பொருள், எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது இதென்ன என்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். நல்லவேளை அனுப்பவில்லை. சேருக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணி அக்கா புதுக்கடையில் இருக்கிறார். நீதிமன்றம் முடிந்து வந்து, கறுப்பு மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, என்னுடைய பதிலை வாசித்தார். "தம்பி, கோட் எழுதினவை உங்களுக்குக் கோட்டைத் தந்திட்டினம். பேரைத் தரேல்லை. ரெண்டும் வேற வேற" என்றார்.

எனக்கு அன்று வரைக்கும் அது விளங்கியிருக்கவில்லை. பத்து வருடம் இந்த வேலை செய்கிறேன், லைசன்ஸ் கோப்பை நூறு தடவை திறந்திருப்பேன். கோட் வருவது பதிப்புரிமையில். பெயரும் சின்னமும் வருவது வியாபாரக் குறிச் சட்டத்தில். இங்கே இரண்டும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் இருந்தாலும் தனித்தனி விஷயங்கள். அப்பாச்சி 2.0 என்ற இன்னொரு திறந்த மூல லைசன்ஸில் ஆறாவது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: வியாபாரக் குறிகளைப் பயன்படுத்த இந்த லைசன்ஸ் அனுமதி தராது. நான் அந்தப் பக்கத்தை எத்தனை முறை தாண்டிப் போயிருப்பேன்.

சரி, பெயரை மாற்றினோம். சின்னம், விலைப்பட்டியல், சுவரில் இருந்த பதாகை எல்லாம் மாறியது. அது ஒரு வாரத்து அலைச்சல், அவ்வளவுதான். உண்மையான பிரச்சினை டொமைனில் இருந்தது, அதை நான்தான் கவனித்திருக்க வேண்டும். எங்கள் பிளகின் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்த முகவரிக்குப் போய் "புதிய பதிப்பு இருக்கிறதா" என்று கேட்கும். நான் புது முகவரியைப் போட்டு ஒரு பதிப்பை வெளியிட்டேன். தவணைக்குள் அதை ஏற்றிக்கொண்ட தளங்கள் புது முகவரிக்கு மாறிவிட்டன. தானாக அப்டேட் ஆகாமல் நிறுத்தி வைத்திருந்த 9 தளங்கள் மாறவில்லை. எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். மண்டபத்து ஐயா மின்னஞ்சல் பார்ப்பவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தொலைபேசி எடுக்கவில்லை. 14 ஆம் நாள் டொமைன் கைமாறியது.

அதற்குப் பிறகு அந்த 9 தளங்களும் பழைய முகவரியிடம் கேட்டன, பதில் இல்லை, பேசாமல் இருந்தன. பேசாமல் இருக்கும்படி எழுதியதும் நான்தான். 2022 இல் டொலரில் வாடகை கட்ட முடியாமல் அப்டேட்களைக் கொடுக்கும் எங்கள் சேர்வர் கம்பியூட்டரை அலுவலகத்திலேயே வைத்திருந்தோம். மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போன காலம் அது. சேர்வர் விழும்போதெல்லாம் வாடிக்கையாளர்களின் திரையில் சிவப்பு எச்சரிக்கை வரும், உடனே தொலைபேசி அடிக்கும். அந்தத் தொல்லை தாங்காமல், பதில் வராவிட்டால் ஒன்றும் காட்டாதே என்று இரண்டு வரி சேர்த்தேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது. அந்த இரண்டு வரியால் "புதிதாக ஒன்றுமில்லை" என்பதும் "அங்கே யாருமே இல்லை" என்பதும் திரையில் ஒரே மாதிரித் தெரிந்தன.

அந்த இடைவெளியில் ஒரு பழுதைக் கண்டுபிடித்துத் திருத்தியிருந்தோம். எங்கள் பிளகின் நேரத்தைக் கிரீன்விச் கணக்கில் சேமிக்கும், இலங்கை அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே காலை ஐந்து மணியிலிருந்து மண்டபம் வேண்டும் என்று பதிந்தால் அது முதல் நாள் இரவு பதினொன்றரையாகப் போய் உட்காரும். நாள் காலியா என்று பார்க்கும் இடத்தில் தேதியை மட்டும் ஒப்பிட்டிருந்தோம். பகல் ஒன்பது மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சிகளில் இது தெரியவே தெரியாது. வைத்தியரிடம் நேரம் எடுப்பவர்களுக்கும் தெரியாது. ஆனால் விடியற்காலை முகூர்த்தம்? ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குடும்பம் காலை ஐந்திலிருந்து எடுத்திருந்தது, இன்னொரு குடும்பம் ஒன்பதிலிருந்து. எங்கள் பிளகினின் கணக்கில் முதல் குடும்பம் சனிக்கிழமை, இரண்டாவது குடும்பம் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரிடமும் முற்பணம் வாங்கியாகிவிட்டது. திருத்திய பதிப்பு ஐந்து வாரமாக எங்கள் சேர்வரில் இருந்தது. அந்த மண்டபம் அதை வேறொருவரின் வீட்டுக் கதவில் போய்த் தட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, ரெண்டு பேருக்கும் ஒரே நாளைக் குடுத்திருக்கு உங்கட சாமான். நான் ஆருக்கு என்ன சொல்ல?" என்று ஐயா கேட்டார். சத்தம் போடவில்லை. ஒரு பக்கம் மாப்பிள்ளையின் தாயார் அழைப்பிதழ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார், மஞ்சள் தடவியது, விநியோகிக்கத் தொடங்கியிருந்தார்கள். கடைசியில் மற்றக் குடும்பம் விட்டுக்கொடுத்து வத்தளைப் பக்கம் ஒரு மண்டபம் எடுத்தது, இரண்டு மண்டபத்துக்கும் இருந்த வாடகை வித்தியாசத்தை எங்கள் சேர் கொடுத்தார். அன்றிரவே அந்த 9 தளங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போய் என் கையாலேயே புதிய பதிப்பைப் போட்டேன்.

இதற்குப் பிறகுதான் பழைய கதைகளை வேறு கண்ணால் வாசிக்கத் தொடங்கினேன். 2016 மார்ச்சில் நடந்த லெஃப்ட்-பேட் விவகாரம் எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எழுத்துச் சரத்தின் இடப்பக்கத்தில் வெற்றிடம் சேர்க்கும் 11 வரி கோட், அதை நீக்கியதும் உலகம் முழுக்க ஜாவாஸ்கிரிப்ட் திட்டங்கள் கட்டமுடியாமல் விழுந்தன. பெரும்பாலானவர்கள் அதை "பார், 11 வரிக்குக்கூட இன்னொருவரை நம்பியிருக்கிறோம்" என்ற கதையாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதன் தொடக்கம் ஒரு பெயர். அஸெர் கோச்சுலு என்ற நிரலாளர் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் கோட் பொதி ஒன்றை 'கிக்' என்ற பெயரில் வைத்திருந்தார், அதே பெயரில் செய்திச் செயலி நடத்திய நிறுவனம் அந்தப் பெயரைக் கேட்டது, அவர் மறுத்தார், ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம் பெயரை நிறுவனத்துக்குக் கொடுத்தது. அவர் தன்னுடைய 273 பொதிகளையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார். லெஃப்ட்-பேட் அதில் ஒன்று. கோட்டில் ஒரு பழுதும் இல்லை, பெயரைப் பற்றிய தகராறில் அத்தனை திட்டங்களும் விழுந்தன. சில மணித்தியாலத்துக்குள் என்பிஎம் அதைத் திருப்பிப் போட்டது, பொதிகளை நினைத்தபடி நீக்க முடியாதபடி விதியையும் மாற்றியது.

பெயர்க்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2006 இல் ஃபயர்ஃபாக்ஸ் இணைய உலாவியைச் செய்யும் மொஸில்லா, அதைத் தன் லினக்ஸ் இயங்குதளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் டெபியனிடம் சொன்னது இதுதான்: ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரில் கொடுப்பதென்றால் நீங்கள் செய்யும் மாற்றங்களை எங்களிடம் காட்டுங்கள். டெபியனோ பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தானே ஒட்டும் வழக்கமுடையது. ஒத்துவரவில்லை. ஐஸ்வீசல் என்று பெயரை மாற்றினார்கள், பத்து வருடம் கழித்து 2016 இல்தான் ஃபயர்ஃபாக்ஸ் திரும்பி வந்தது. அந்தப் பத்து வருடமும் பயனருக்கு அப்டேட் நிற்கவில்லை. சின்னமும் பெயரும் மாறின, கதவு மூடப்படவில்லை. ஹட்சன் என்ற நிரலாளர் கருவி ஜென்கின்ஸ் ஆனதும் அலுவலக மென்பொருளான ஓப்பன்ஆபிஸிலிருந்து லிப்ரேஆபிஸ் பிரிந்ததும் கிட்டத்தட்ட இந்த வகைதான், பெயர் ஒரு பக்கம் நிற்க ஆட்கள் மற்றப் பக்கம் நடந்து போனார்கள்.

2024 செப்டெம்பரில் வேர்ட்பிரஸில், அதாவது இணையத்தளம் செய்ய உதவும் திறந்த மூல மென்பொருளில், நடந்தது வேறு. வேர்ட்பிரஸ் தளங்களைத் தன் சேர்வர்களில் வைத்து நடத்தும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனம் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் விதம் சரியில்லை என்று வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக் தரப்பு சொன்னது, வருமானத்தில் 8 சதவீதம் கேட்டது. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. செப்டெம்பர் 25 ஆம் திகதி டபிள்யூபி எஞ்சின் சேர்வர்களுக்கு, அப்டேட்கள் வரும் களஞ்சியமான வேர்ட்பிரஸ்.ஓஆர்ஜி பூட்டப்பட்டது. அங்கே தளம் வைத்திருந்தவர்கள் வழக்கமான பொத்தானை அழுத்தினால் பிளகின் அப்டேட் வராது. அக்டோபரில் டபிள்யூபி எஞ்சினின் பிரபலமான பிளகின் ஒன்றும் அந்தக் களஞ்சியத்தில் வேறு பெயருக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 10 இல் கலிபோர்னிய நீதிமன்றம் பழைய நிலைக்குத் திருப்பச் சொல்லி இடைக்காலத் தடை கொடுத்தது. அந்த வாரங்களில் எங்கள் அலுவலகத்தில் தேத்தண்ணி நேரத்தில் வேறு கதையே இல்லை. யார் சரி என்று சேரும் எங்கள் மட்டக்களப்புத் தம்பியும் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதத்தில் மனம் போகவில்லை. பெயருக்கு உரிமை கேட்கலாம், வழக்குப் போடலாம், அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில். ஆனால் அந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாமல் எங்கோ ஒரு பூக்கடைக்காரரோ மண்டபத்துக்காரரோ பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் நிற்பது பிழை. எவ்வளவு பெரிய நியாயம் இருந்தாலும் பிழை. இதை நான் அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், கவனயீனத்தால் நானும் அதையேதான் செய்தேன், அந்தத் தாயாரின் மடியில் இருந்த அழைப்பிதழ்களைப் பார்த்தேன்.

இப்போது எங்கள் அப்டேட் முகவரி எந்தப் பொருளின் பெயரிலும் இல்லை, அலுவலகத்தின் சொந்தப் பெயரில் இருக்கிறது. நாங்கள் பயன்படுத்தும் வெளிப் பொதிகளின் பிரதி ஒன்று எங்களிடமே இருக்கிறது. ஒரு மென்பொருளை எடுக்கும் முன் லைசன்ஸோடு சேர்த்து, பெயர் யாரிடம் இருக்கிறது, ஓர் அறக்கட்டளையிடமா ஒரு கம்பனியிடமா தனி ஆளிடமா என்றும் பார்க்கிறேன். புதிய பெயரைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியவும் கொடுத்திருக்கிறோம். கிடைத்தால் பத்து வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையில் அந்த வரிசையில் நின்றபோது, நாளைக்கு எங்கள் பெயரை யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் நாங்கள் எப்படிக் கடிதம் எழுதுவோம் என்று யோசித்தேன். 14 நாள் போதாது, பழைய முகவரி ஆறு மாதமாவது புது முகவரிக்கு வழிகாட்ட வேண்டும் என்று எழுதுவோம் என்று சேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் சரி என்றார்.

அந்த "பேசாமல் இரு" வரிகளையும் எடுத்துவிட்டேன். மூன்று நாள் பதில் இல்லையென்றால் திரையில் மஞ்சள் பட்டை வரும், எனக்கும் செய்தி வரும். போன மாதம் மண்டபத்தில் இணைப்பு அறுந்து அந்தப் பட்டை வந்தது, நான் எடுப்பதற்கு முன்னமே ஐயா எடுத்துவிட்டார். போய்ப் பார்த்தேன். கம்பியூட்டரில் பதிவாகும் ஒவ்வொரு நாளையும் அவர் இன்னும் அந்த நீளக் கொப்பியில் நீல மையால் எழுதுகிறார், விடியற்காலை முகூர்த்தங்களுக்கு மட்டும் பக்கத்தில் சிவப்பில் ஒரு கோடு. இனி அது தேவையில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடத்துக்குப் புதுக் கொப்பி ஒன்று வாங்க வேண்டும் என்றார். வெள்ளவத்தையில் நல்லது கிடைக்கும், நானே வாங்கி வருகிறேன் என்றேன்.